தீங்கில்லாத சத்தம்

செத்துப்போன வெள்ளத்துரை, செத்த பிறகும் மூன்று நாள் வேலைக்கு வந்திருக்கிறார் என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் போனில் சொன்னாள். ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்ப்பவள். குரலில் பதற்றமோ ஆச்சரியமோ இல்லை. இறந்த தேதி நவம்பர் பதினொன்று என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு ஆகிய மூன்று நாளும் இயந்திரம் அவரை வந்ததாகக் காட்டுகிறது, இரண்டில் எதைத் திருத்துவது என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் பிரம்மசக்தி போனை வைத்தாள். இயந்திரம் எதை வைத்து வெள்ளத்துரை வந்ததாக எண்ணும் என்பது தன் அலுவலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

அவள் வேலை பார்த்த கட்டுப்பாட்டு அறை செங்கோட்டைக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி இருந்தது. தூத்துக்குடியில் கடல்நீரைப் பிளந்து எடுக்கிற ஹைட்ரஜன் ஒரு குழாய் வழியாகப் புளியரைக்கு வந்து, கணவாய் ஏறி, கோட்டைவாசலில் எல்லையைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போனது. கொல்லத்துப் பஸ்களும் விசைப்படகுகளும் அதில்தான் ஓடின. குழாயை யாராவது தோண்டிவிட்டால் ஊரே பற்றிக்கொள்ளும் என்பதால், கூடவே தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழையையும் மண்ணுக்குள் பதித்திருந்தார்கள். மேலே யார் நடந்தாலும், எது விழுந்தாலும், மண் அதிரும். இழையில் போகிற ஒளி ஒரு துளி நடுங்கும். அந்த நடுக்கத்தைப் படித்து இன்னது என்று சொல்லும் இயந்திரத்துக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. அறையில் இருந்தவர்கள் அதைச் ‘செவி’ என்றார்கள்.

முதல் வருஷம் செவிக்கு ஒன்றும் தெரியாது. ஆடு நடந்தாலும் அலறும், டிராக்டர் போனாலும் அலறும். பிரம்மசக்தியோடு சேர்த்து ஆறு பேர் உட்கார்ந்து அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இது மாடு, இது மழை, இது கடப்பாரை. ஆபத்தான சத்தம் என்றால் திரையில் சிவப்பு விழுந்து மணி அடிக்கும். தீங்கில்லாத சத்தம் என்றால் ஒரு சின்னப் பச்சைக் கோடு. மணிக்கு ஆயிரக்கணக்கில் பச்சைக் கோடுகள் விழும். அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

வெள்ளத்துரை லைன் வாக்கர். ஐம்பத்திரண்டு வயது. புளியரையிலிருந்து எல்லை வரை குழாய்ப் பாதையில் தினமும் நடந்து, எங்காவது மண் சரிந்திருக்கிறதா, யாராவது பள்ளம் தோண்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. இடது காலை லேசாக இழுத்து நடப்பார். அந்த நடையைக் கொண்டே செவி அவரை அடையாளம் கண்டு வருகை போட்டது.

குழாய்க்குக் காது இருக்கிறது என்பதை முதலில் அவர் நம்பவில்லை. நாளைக்கு எல்லை வால்வில் தட்டுகிறேன், எத்தனை தரம் என்று சொல் பார்ப்போம் என்று பிரம்மசக்தியிடம் பந்தயம் கட்டினார். எல்லை வால்வு என்பது கோட்டைவாசலில் தரைக்கடியில் எட்டடி ஆழத்துக்குக் கட்டிய சிமெண்டு அறை. பாதி தமிழ்நாட்டில், பாதி கேரளத்தில். இரண்டு பக்கத்து இழைகளும் அங்கே வந்துதான் முடியும். மறுநாள் அவர் இறங்கிக் குழாயை ஸ்பேனரால் தட்டிவிட்டு மேலே வந்தபோது, பிரம்மசக்தி போனில் ஏழு என்றாள். அவர் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு நாற்பதுக்கு மூன்று தட்டு. வந்துவிட்டேன் என்று அர்த்தம். ஆனால் குழாயை யாரோ உடைக்கிறார்கள் என்று செவி தினமும் மணி அடித்தது. தினமும் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. இரண்டாவது முறையாக அவருக்கு மெமோ வந்தபோது, பிரம்மசக்தி செவிக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள். எல்லை வால்வில் கேட்கும் தட்டல் வெள்ளத்துரையுடையது. தீங்கில்லாதது. மழை நாளில் அவருடைய காலடி சரியாகக் கேட்காது என்பதால், தட்டல் கேட்டாலே அவர் வந்ததாக எடுத்துக்கொள் என்றும் சேர்த்தாள். அவருக்கு ஒருநாள் கூலி போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் செய்தது.

நவம்பர் பதினொன்றாம் தேதி காலையில் அந்த மலைச்சரிவு இறங்கியது. முந்தின நாளிலிருந்தே மழை. எட்டு நாற்பதுக்குப் பச்சைக் கோடு விழுந்தது. எட்டு ஐம்பத்திரண்டுக்குச் செவி மணி அடித்து, குழாயைத் தானாகவே அடைத்தது. கோட்டைவாசலில் சாலையோடு சேர்த்து அரை மலை கீழே போயிருந்தது. வெள்ளத்துரையின் தோள்பை இரண்டு கிலோமீட்டர் கீழே ஓடையில் கிடைத்தது. உள்ளே ஸ்பேனரும் இருந்தது. மனிதர் வெள்ளத்தோடு போய்விட்டார் என்று இரண்டு மாநிலத்து ஆட்களும் ஓடையையே அரித்தார்கள். கொல்லத்தில் பஸ்கள் நின்றுபோய் அங்கிருந்து நெருக்கவும், ஆறாம் நாள் எல்லை வால்வைப் பார்ப்பதற்காக ஜேசிபியை விட்டு மண்ணை வாரினார்கள். அவரைத் தேடியவர்கள் ஓடையில் இருந்தார்கள். வால்வைத் தேடிப் போனவர்கள்தான் அந்தச் சிமெண்டு அறைக்குள் அவரைக் கண்டார்கள்.

மருத்துவமனை வாசலில் அவருடைய மனைவி சொர்ணத்தாயிடம் கிளை மேலாளர் சிதம்பரதாணு பக்குவமாகப் பேசினார். மண் விழுந்த அந்த நிமிஷமே உயிர் போயிருக்கும், வலிகூடத் தெரிந்திருக்காது என்றார். பக்கத்தில் நின்ற பிரம்மசக்தியும் ஆமாம் மதினி என்று தலையாட்டினாள். அப்போது அவள் அதை நம்பினாள்.

இப்போது அந்த மூன்று நாளின் பச்சைக் கோடுகளை எடுத்துக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் மூன்று. அவள்தான் கேட்பாள் என்று தெரிந்து, அவளுக்குத் தெரிந்த கணக்கிலேயே தட்டியிருக்கிறார். ஸ்பேனர் சத்தம் இல்லை; அது மேலே வைத்த பையோடு போயிருந்தது. கல்லாக இருக்க வேண்டும். முதல் நாள் முழுக்க அப்படியே. பிறகு கணக்குத் தப்பியது. பன்னிரண்டாம் தேதி காலை எட்டு நாற்பதுக்குத் தட்டல் திடீரென்று பலத்தது; இடைவிடாமல் இருபது நிமிஷம். அவள் இருக்கையில் இருக்கும் நேரம் அது. அவர் கையில் வாட்ச் இருந்தது. பதிமூன்றாம் தேதியும் அதே நேரத்துக்கு. அன்று பதினோரு நிமிஷம். பதினான்காம் தேதி எட்டு நாற்பதுக்கு ஒரே ஒரு தட்டு. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அவ்வளவுதான்.

அந்த மூன்று காலையும் அவள் இதே நாற்காலியில் இருந்தாள். ஓடையில் தேடுகிறவர்களுக்குப் போன் போட்டு, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். திரும்பி வந்து மேலாளர் தாணுவின் அறைக்குப் போனாள். அவர் ஹெட்போனை மாட்டி நாலு நிமிஷம் கேட்டார். கழற்றும்போது அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அதைப் பிரம்மசக்தி பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள். அவர் நடித்ததாக அவளால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

யாரிடமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், தலைமை அலுவலகத்தில் பேசி இதற்கு ஒரு வழி செய்கிறேன் என்றார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. மண்ணுக்குள் சிக்கிய மனிதர் தட்டினால் அதைக் கண்டுபிடிக்கச் செவிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பொறுப்பு: பி. பிரம்மசக்தி.

மூன்று வாரம் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. வால்வு அறைகளுக்குள் கூலியாட்களை இறக்கித் தட்டச் சொன்னாள். கல்லால், செருப்பால், வெறுங்கையால். மேலே மண்ணைப் போட்டு மூடிய பள்ளங்களின் பக்கத்தில் நின்று தட்டச் சொன்னாள். ஆனால் திடமாக இருக்கிற மனிதனுக்குச் சாகப்போகிறவனைப் போலத் தட்ட வரவில்லை. கடைசியில் செவிக்கு முக்கியப் பாடமாக வெள்ளத்துரையின் எழுபத்திரண்டு மணி நேரத்தையே கொடுத்தாள். பலமான தட்டல், களைத்த தட்டல், கடைசித் தட்டல். செவி வேகமாகப் படித்துக்கொண்டது. சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அந்தச் சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது, இனி ஒருத்தருக்கும் இப்படி ஆகாது என்று அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அதற்குப் பிறகு சொர்ணத்தாயைப் போய்ப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தாள்.

புதுப் பாடம் ஓடத் தொடங்கிய அடுத்த திங்கட்கிழமை மதியம், அவளே புளியரை வால்வு அறைக்குள் இறங்கி, ஒரு கூழாங்கல்லால் மெதுவாகத் தட்டிவிட்டு வந்தாள். மணி அடிக்கவில்லை. திரையைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். அவள் தட்டிய நேரத்தில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. கோடு துடைத்துவிட்ட மாதிரி நேராக ஓடியது. நவம்பர் பதினொன்றைத் திறந்தாள். மலை சரிந்த சத்தம் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று நாளும் மழை மட்டும்தான் இருந்தது.

போய்க் கேட்டபோது தாணு அவளை உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தவில்லை, மறைக்க வேண்டிய காரியம் என்று அவர் நினைக்கவில்லை.

“சட்டப் பிரிவுல இருந்து சொன்னது இது, பிரமு. கேட்டும் சும்மா இருந்தோம்னா குத்தம். கேக்கவே முடியாதுன்னா குத்தம் இல்ல.”

அவர் தொடர்ந்தார். குழாய் இருநூறு கிலோமீட்டர் போகிறது, எத்தனை வீட்டுப் புறவாசலை ஒட்டிப் போகிறது என்று அவளுக்கே தெரியும். மனிதர் தட்டுவது கேட்கும் என்று ஒரு தடவை ஒப்புக்கொண்டால், வழியில் எந்தக் கிணற்றில் எவன் விழுந்தாலும், எந்த வீட்டில் எவள் சுவரில் மோதப்பட்டாலும், உங்களுக்குக் கேட்டிருக்குமே என்று நம்மிடம்தான் வந்து நிற்பார்கள். வாயு கொண்டுபோகிற கம்பெனி ஊருக்கெல்லாம் காவல் இருக்க முடியுமா?

“நான் ஆளைக் கண்டுபிடிக்கதுக்குல்லா சார் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

“கண்டுபிடிக்கத்தானம்மா செய்யுது. கண்டுபிடிச்சாத்தான அழிக்க முடியும்.”

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வது போலத்தான் சொன்னார். பழைய பதிவுகளையும் அது ஒருமுறை அலசிவிட்டது என்றும், தூத்துக்குடியில் வருகைப் பதிவைத் திருத்தியாயிற்று என்றும் சொன்னார். கட்டுப்பாட்டு அறைக்குள் கைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைக்க ஒரு நாள் நினைத்து, தாணு சார் இருக்கிறாரே என்று விட்டுவிட்டது அவளுக்கு நினைவு வந்தது.

ஒரு வழி மிச்சம் இருந்தது. எல்லை வால்வின் சத்தம் கேரளப் பக்கத்து இழையிலும் கேட்கும். ஆரியங்காவு கட்டுப்பாட்டு அறையில் ஷைனி என்று ஒரு பெண் இருந்தாள். குழாயின் அழுத்தம் பற்றி இருவரும் தினமும் பேசிக்கொள்வார்கள், நேரில் பார்த்ததில்லை. பிரம்மசக்தி வீட்டுக்குப் போய் அங்கிருந்து அவளை அழைத்து, நவம்பர் பதினொன்றிலிருந்து நாலு நாள் பதிவைப் பார்க்கச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் ஷைனி திருப்பி அழைத்தாள். அவள் பேசிய தமிழில் மலையாளம் ஏறியிருந்தது.

“சேச்சி, இங்கயும் ஒண்ணும் இல்ல. போன வெள்ளிக்கிழமை உங்க பக்கத்துல இருந்து ஒரு புது பாடம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனிதானே, அல்லே? வந்த உடனே பழையதெல்லாம் அதுதன்னெ கிளீன் செஞ்சுது. பாடத்துல சேச்சியோட பேருதான் போட்டிருக்கு.”

மறுநாள் பிரம்மசக்தி வேலைக்குப் போகவில்லை. சொர்ணத்தாயைப் பார்க்கப் புளியரைக்குப் பஸ் ஏறினாள்.

போகிற வழியெல்லாம் சொல்வதா வேண்டாமா என்றே மனது அலைந்தது. வலி தெரியாமல் போய்ச் சேர்ந்தார் என்ற ஒரு நினைப்பில்தான் அந்த மனுஷி சோறு தின்கிறாள். அதையும் பிடுங்கிவிட்டு, பதிலுக்குக் கொடுக்கக் கையில் என்ன இருக்கிறது? சாட்சி இருந்தபோது சொல்லாமல் இருந்துவிட்டு, எல்லாம் போன பிறகு சொல்லப் போகிறோமே என்று நினைத்தபோது பஸ்ஸிலிருந்து பாதியிலேயே இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

சொர்ணத்தாய் செங்கல் சூளையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். தட்டில் பாதிச் சோறு இருந்தது. பிரம்மசக்தியைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவினாள். வா என்றோ உட்கார் என்றோ சொல்லவில்லை.

பிரம்மசக்தி உட்காராமலேயே, அண்ணாச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். அதற்குள் சொர்ணத்தாய் பேசத் தொடங்கினாள்.

“ஆஸ்பத்திரியில மூஞ்சிய மட்டும் பாத்துக்கோன்னாவ. நான் துணியை விலக்கிக் கையையும் எடுத்துப் பாத்தேன். ரெண்டு உள்ளங்கையிலயும் தோலு இல்ல. நகம் மூணு பேந்து போயிருந்துச்சு. நானும் இருபது வருசமா செங்கல்லு சொமக்கவதான். கை எப்பிடி உரியும்னு எனக்குத் தெரியாதா? மண்ணு விழுந்து உடனே செத்த மனுசனுக்கு உள்ளங்கை எப்பிடிட்டி உரியும்?”

பிரம்மசக்தி சுவரோரமாக உட்கார்ந்தாள்.

“நீங்க யாராவது ஒருத்தர் வந்து சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு மாசம் ஆச்சு. இப்பம் நீ வந்திருக்க. வால்வுல தட்டுனா உங்களுக்குக் கேக்கும்னு அவிய சொல்லியிருக்காவ. ஒண்ணு மட்டும் சொல்லு. அவிய தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலியா?”

“கேட்டுச்சு மதினி. மூணு நாளும் கேட்டுச்சு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தட்டலைத் தீங்கில்லாதது என்று தானே எழுதி வைத்ததையும், மூன்று காலையும் அவர் எட்டு நாற்பதுக்குக் காத்திருந்து தட்டியதையும், அதை அழிக்கத் தானே பாடம் சொல்லிக் கொடுத்ததையும் விடாமல் சொன்னாள். சொர்ணத்தாய் அழவில்லை. நடுவில் ஒரு தடவை எழுந்து போய், கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடித்து, மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். பிரம்மசக்தி முடித்ததும், இதை நாலு பேருக்கு முன்னால் சொல்வாயா என்று கேட்டாள். சொல்வேன், ஆனால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றாள் பிரம்மசக்தி.

“காட்டாண்டாம். கேட்டவ நீ இருக்கேல்லா. அது போதும்.”

இருவரும் அன்றைக்கே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கியவர் முழுதும் படித்தார். கையெழுத்தை யோசித்துத்தான் போடுகிறாயா என்று பிரம்மசக்தியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். மறுநாள் அவளுடைய வேலை போயிற்று. அதை அவள் எதிர்பார்த்தே இருந்தாள்.

கம்பெனியின் பதில் நாற்பது நாள் கழித்துச் சொர்ணத்தாயின் முகவரிக்கு வந்தது. அவள் பிரம்மசக்தியை வரச் சொல்லி, உறையைப் பிரிக்காமல் கொடுத்தாள். கடிதம் ஒரே பக்கம்தான். பிரம்மசக்தி சத்தமாகப் படித்தாள். காலமான திரு. வெள்ளத்துரையின் சேவையைக் கம்பெனி நன்றியோடு நினைக்கிறது என்று முதல் பத்தி. இரண்டாவது பத்தியில், குழாய்ப் பாதையில் மனிதர் எழுப்பும் தட்டலை மிக நுட்பமாகக் கண்டறியும் பயிற்சி தங்கள் இயந்திரத்துக்கு உண்டு, அதன் துல்லியம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, நவம்பர் மாதப் பதிவுகள் முழுவதையும் அந்த இயந்திரத்தைக் கொண்டே சோதித்ததில் மனிதத் தட்டல் ஒன்றுகூட இல்லை என்று உறுதியாகிறது என்று எழுதியிருந்தார்கள். இயந்திரத்தின் துல்லியத்துக்கான சான்றிதழைத் தனித் தாளாக இணைத்திருந்தார்கள்.

பிரம்மசக்தி அதைப் படிக்காமல் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். சொர்ணத்தாய்க்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எட்டி அந்தத் தாளை வாங்கி, அடியில் இருந்த பெயரை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

“உன் கையெழுத்தாட்டி இது?”

“ஆமா மதினி.”

சொர்ணத்தாய் தாளை உறைக்குள் போட்டு அவளிடமே நீட்டினாள். சூளைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.